டிபன் சாப்பிட்ட குற்றம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஆன்ட்டி, நான் சொல்லப்போகும் எதையும் என் கண்ணால் பார்க்கவில்லை. மாமா அப்பாவிடம் சொன்னது, அப்பா அம்மாவிடம் சொன்னது, அம்மா என்னிடம் சொன்னது. அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர். அதனால் நான் நம்புவதை மட்டும்தான் சொல்வேன். அதற்கு முன்னால் அந்தப் பாஸ்போர்ட்டை உள்ளே வையுங்கள். இமிகிரேசன்காரர்கள் இறங்கிவிட்டார்கள். இனிமேல் கோலாலம்பூர் போகும்வரை யாரும் ஏறமாட்டார்கள். தண்ணீர் குடியுங்கள். உங்களுக்குப் பயம், எனக்குக் கோபம்.

கவனித்தீர்களா? முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கிற சீனப் பையனை எழுப்பவே இல்லை. அந்த மலாய்க் குடும்பத்தைத் தாண்டி நேராக நம் வரிசைக்கு வந்தார்கள். உங்களிடம் கேட்டது எனக்குப் புரிகிறது, நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். என்னிடம் எதற்கு? நான் இங்கே பிறந்தவள். என் அம்மா இங்கே பிறந்தவர். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. பார்த்தாலே தெரியாதா?

எனக்குத் தெரிந்துவிட்டதே. பஸ் கிளம்பும்போது நீங்கள் போனில் மகளிடம் "டிபன் முடிச்சிட்டேன்மா" என்றீர்கள். அது போதும். இங்கே நாங்கள் டிபன் என்று சொல்லமாட்டோம். காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்போம். தெருவில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா" என்றுதான் கேட்போம், உங்கள் பக்கம் "சௌக்கியமா" என்று கேட்பதுபோல. நல்ல வார்த்தைதானே? அந்த வார்த்தையால்தான் என் மாமா லோரியில் ஏறினார். ஏறவேண்டியவர் ஏறாமல் நின்றார். ஏறவேண்டியவர் என்று நான் சொல்வது சட்டப்படி.

மாமா பெயர் வீரையா. அம்மாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளான் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போடுவார். மாவை வீசினால் துணி மாதிரி விரியும், அதைப் பார்க்கவே ஆட்கள் அடுப்புக்கு எதிர் மேசையில் உட்காருவார்கள். கடைக்கு மேலே வேலையாட்கள் தங்கும் அறை. மாமாவுக்கும் அங்கேதான் படுக்கை. எங்கள் வீட்டில் வந்து இரு என்று அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். விடியுமுன் மாவு பிசையவேண்டும், அங்கேதான் வசதி என்பார் மாமா.

அந்த அறையில் மாமாவைத் தவிர எல்லாரும் ஊர்க்காரர்கள். இந்தியாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எந்த ஊர் என்றெல்லாம் இல்லை, பொதுவாக ஊர். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஆன்ட்டி, உங்களைச் சொல்லவில்லை. உங்கள் மகள் எஞ்சினியர், அது வேறு. இவர்கள் கடைக்கு வேலைக்கு வருகிறவர்கள். அவர்களோடேயே சாப்பிட்டு, அவர்களோடேயே படம் பார்த்து, மாமாவின் பேச்சே மாறிவிட்டது. சாம்பார் நல்லா இருக்குங்க, வாங்க சார், போங்க சார் என்பார். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "ஏண்டா, நீ ஒத்தப்பாலத் தோட்டத்துல பொறந்தவனா, இல்ல நேத்து பிளேன்ல வந்து எறங்குனவனா?" என்று கேட்பார். மாமா சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு 'சார்' சேர்த்துப் பேசுவார். அம்மாவைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு சந்தோசம்.

அந்த அறையில் மாமாவுக்குப் பக்கத்துப் படுக்கை அடைக்கலம் என்று ஒருவருக்கு. புதுக்கோட்டைப் பக்கம். பாத்திரம் கழுவ வந்து, பிறகு குழம்பு வைக்கப் பழகியவர். வரும்போது ஒழுங்காக பெர்மிட்டில்தான் வந்தார். அது முடிந்தபோது முதலாளி புதுப்பித்துத் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். பாவம்தான், ஆனால் பெர்மிட் இல்லை என்றால் இல்லைதானே. தீபாவளிக்கு மாமா அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். வாசலுக்கு வெளியிலேயே செருப்பை ஓரமாக, சுவரை ஒட்டிக் கழற்றி வைப்பார். அம்மா பலகாரம் கொடுத்தால் நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்காரச் சொன்னோமா என்று எனக்கு இப்போது நினைவில்லை.

ரெய்டு வந்தது புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடை நிறைய ஆள். முன்பக்கம் இரண்டு வண்டி, பின்சந்தில் ஒரு லோரி. சாப்பிடுபவர்கள் சாப்பிடலாம், எழுந்திருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையாட்களை மட்டும் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். அதிலே மாமா சொன்ன ஒரு விசயம், சாப்பிட உட்கார்ந்த ஒருவர் தன் இலையில் ரசம் ஊற்றச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம், கையைப் பின்னால் கட்டி நிற்கிற வேலையாளைப் பார்த்து.

மாமா மேலே பனியன், கீழே கைலி. அவருடைய ஐசி மாடியில் சட்டைப்பையில் இருந்தது. ஐசி என்றால் எங்கள் அடையாள அட்டை ஆன்ட்டி, அது இல்லாமல் இங்கே நாங்கள் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டோம். மாமாவுக்கு ஒரு பயம், அடுப்புச் சூட்டில் அதிலிருக்கும் மின்சில்லு கெட்டுவிடும் என்று. அதனால் வேலைக்கு இறங்கும்போது சட்டையோடு மேலேயே மாட்டிவிட்டு வருவார். மேலே போய் எடுத்துவருகிறேன் என்றார். விடவில்லை. மாடிக்குப் போகிறேன் என்கிறவர்கள் எல்லாரும் பின்சுவர் ஏறிக் குதித்துவிடுகிறார்களாம்.

மலாயில் பேசிப் பார்த்தார். மாமா நல்ல மலாய் பேசுவார், என்னைவிட நன்றாக. அந்த அதிகாரி, பங்களாதேசிகளும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்றார். எங்கே பிறந்தாய் என்று கேட்டதற்கு ஒத்தப்பாலத் தோட்டம் என்றார். அந்த ரப்பர் தோட்டம் இப்போது இல்லை, முழுக்க வீட்டுமனை. வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அப்படி ஓர் இடமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் தமிழ் ஆபீசர் ஒருவர் வந்தார். இளவயது. மாமாவுக்கு நம் ஆள் வந்துவிட்டார் என்று ஒரு நிம்மதி. அந்த ஆபீசர் மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். தன்னிடம் ஒரு வழி இருக்கிறது, ஐசி இல்லாத இந்தியர்களை ஒரே கேள்வியில் பிரித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா இதைச் சொல்லும்போது அந்த ஆபீசர் மாதிரி இடுப்பில் கைவைத்துக் காட்டுவார். அவர் எப்படி நின்றார் என்று அம்மாவுக்குத் தெரியாது, அதை நீங்கள் விட்டுவிடுங்கள்.

கேள்வி இவ்வளவுதான். "காலைல எட்டு மணிக்கு என்ன பண்ணுன?"

என் மாமா, ஒத்தப்பாலத் தோட்டத்தில் பிறந்து, அங்கே தமிழ்ப்பள்ளியில் படித்து, இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாத என் மாமா, பயத்தில், வாயில் வந்ததைச் சொன்னார்.

"டிபன் சாப்ட்டேன் சார்."

ஆபீசர் லோரியைக் காட்டினார். எங்கள் ஆட்கள் என்றால் மலாயில் 'துவான்' என்றிருப்பார்கள், மாமா சார் என்று வேறு சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மாமா திரும்பத் திரும்ப, நான் மலேசியக்காரன், மலேசியக்காரன் என்று கத்தினார். ஏற்றிவிட்டார்கள்.

அவருக்கு அடுத்து நின்றவர் அடைக்கலம். அதே கேள்வி. தலையைக் குனிந்துகொண்டு, "இப்பத்தான் பசியாறினேன் துவான்" என்றார். ஆபீசர் அவர் தோளில் தட்டி, ஐசி இல்லாம வேலைக்கு வராதே, நாளைக்குக் கொண்டுவந்து ஆபீசில் காட்டு என்று சொல்லிப் போகச் சொல்லிவிட்டார். மாமா லோரிக் கம்பி வழியாக அதைப் பார்த்திருக்கிறார். அவரையும் பிடியுங்கள் என்று மாமா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு விசயம் தெரிந்தது பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான், பின்சந்தில் நின்று கேள்வி பதில் எல்லாவற்றையும் கேட்டவர் அவர். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தலையில் வலைத்தொப்பியோடு அப்படியே கிளம்பிக் கடைக்குப் போனார். கடை மூடியிருந்தது. முதலாளி போனை எடுக்கவில்லை. அங்கிருந்து குடிநுழைவு அலுவலகத்துக்கு, அதாவது இமிகிரேசனுக்கு, போனார். அவர்கள், நேரம் முடிந்துவிட்டது, நாளைக் காலையில் வா என்றார்கள். வாசல் காவலாளி ஒருவர் மட்டும், நல்லதுக்குத்தான், ஒரு விசயம் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரையும் வேறு மாநிலத்து முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள், அங்கே போய்விட்டால் வெளியே எடுப்பது கஷ்டம், மாசக்கணக்கில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள் என்று. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண் ஒன்று. மருந்து எல்லாம் மாடியில் இருக்கிறது. முகாமுக்குப் போனால் அந்தக் கால் போய்விடும் என்று அம்மாவுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

எனக்குப் போன் செய்தார். எங்கள் சொந்தத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் ஆன்ட்டி. தண்ணீர் பில் வந்தாலும் என்னிடம்தான் வரும், கோவில் திருவிழா அனுமதி என்றாலும் என்னிடம்தான் வரும். படித்த பிள்ளைக்குத் தெரியாதா என்பார்கள். எனக்கு ஒன்றுமே தெரியாது, கணக்கியல் படித்தவள். ஆனால் தெரியாது என்று சொன்னால் அம்மா உடைந்துவிடுவார். அதனால் இணையத்தில் தேடினேன். ஒரு பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. அசல் அடையாள அட்டையைக் கவுண்டரில் காட்டவேண்டும், நகல் செல்லாது. ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். அம்மாவிடம் அதையே சொன்னேன். ஐசி கையில் இல்லாமல் போகாதே, விரட்டிவிடுவார்கள், ஒரு நாள் வீணாகும் என்றேன்.

ஐசி பூட்டிய கடைக்கு மேலே கிடக்கிறது. அம்மா அழக்கூட இல்லையாம். சமையலறையில் உட்கார்ந்து தலையில் இருந்த வலையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று அப்பா சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. திரையில் 'தம்பி' என்று வந்தது. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? விட்டுவிட்டார்கள், வெளியே வந்துவிட்டான் என்று நினைத்து, "எங்கடா இருக்க, என்னடா சாப்ட்ட" என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பக்கம் வேறு குரல். "அக்கா, நான் அடைக்கலம். அண்ணன் போனு இங்க சார்ஜ்ல கெடந்துச்சு. சட்டையும் இருக்கு. ஐசி அதுலதான் இருக்குக்கா."

ரெய்டு முடிந்தபின் அவர் போக்கிடம் இல்லாமல் பின்படி வழியாக அந்த அறைக்கே திரும்பிப் போயிருக்கிறார். விளக்குப் போடாமல் உள்ளேயே இருந்திருக்கிறார்.

அம்மாவுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் எரிச்சல்தான் முதலில் வந்தது. ஐசி கிடைத்துவிட்டதே என்று சந்தோசப்படத் தோன்றவில்லை. என் தம்பி உனக்குப் பேசச் சொல்லிக் கொடுத்தான், அந்த வார்த்தையை வைத்தே நீ தப்பித்துக்கொண்டாய், அவன் உள்ளே கிடக்கிறான் என்று கேட்டுவிட்டார். சும்மா கேட்கவில்லை, எங்கள் பேச்சைத் திருடியவன் என்றே சொன்னார்.

அடைக்கலம் மெதுவாகச் சொன்னார். "அது அண்ணன் சொல்லிக் குடுத்தது இல்லக்கா. எங்க வீட்ல ஆத்தா காலைல அப்படித்தான் கேக்கும். டிபன்ங்கிறதுதான் நான் இங்க கடைக்கு வந்து கத்துக்கிட்டது."

அம்மா அதை நம்பவில்லை. என்னிடம் சொல்லும்போது, பார்த்தாயா எப்படிச் சமாளிக்கிறான் என்றுதான் சொன்னார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். பசியாறுவது எங்கள் வார்த்தை இல்லையா? ஏன் ஆன்ட்டி, உங்கள் பக்கம் யாராவது சொல்வார்களா? உங்கள் மாமியாரா? காரைக்குடியா அவர்? சரி. இருக்கலாம்.

அடைக்கலம், ஐசியை எங்கே கொண்டுவரட்டும் என்று கேட்டார். அம்மாதான் போய் வாங்கியிருக்கலாம் என்று மாமா இப்போதும் சொல்கிறார். மாமாவுக்கு என்ன, சொல்லிவிடுவார். கடை இருக்கிற பக்கம் அந்த நேரத்துக்குப் பஸ் குறைவு. அப்பாவுக்கு மூட்டுவலி, மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கவேண்டும், வரிசை எண் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். அதனால் அவரையே காலையில் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே வரவேண்டாம், சாலைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர்க் கடை இருக்கிறது, அங்கே நில், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதை நான் கவனமாக அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். உள்ளே வரச் சொல்லவில்லை, முதலில்.

"சரிக்கா" என்றாராம். இன்னொன்றும் கேட்டாராம், அண்ணனுடைய மருந்தையும் எடுத்துவரட்டுமா என்று.

காலையில் அம்மாவுக்கு எண் கிடைத்துவிட்டது. உள்ளே கூட்டம். திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடைக்கலம் எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன் என்று போன் செய்தார். அம்மாவுக்கு முன்னால் இன்னும் சிலரே பாக்கி. வெளியே போய் வாங்கி வருவதா, போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? எனக்குப் போன் செய்தார். நான் வேலையில் இருந்தேன். சேர்ந்து இரண்டாவது மாதம், மேலாளர் பக்கத்திலேயே இருந்தார். பேன்ட்ரிக்குள் போய் மெதுவாகப் பேசினேன். அம்மா, நகராதே, எண்ணைக் கூப்பிட்டு ஆள் இல்லை என்றால் அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு மூடிவிடுவார்கள். மத்தியானம் லோரி கிளம்பிவிடும். அவரை வாசல்வரைக்கும் வரச்சொல், கையை நீட்டி வாங்கிக்கொள், இரண்டு நிமிச வேலை. அன்றைக்கே அவரை விட்டுவிட்டார்களே, இன்றைக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். அப்போது இருந்த நிலைமையில் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடைக்கலம் வந்தார். நல்ல உடுப்பில் வந்தார் என்று அம்மா சொன்னார், முழுக்கைச் சட்டை, பொத்தான் எல்லாம் போட்டு. ஒரு கையில் மருந்துப்பை, ஒரு கையில் ஐசி. அலுவலகக் கதவில் உள்ளே வருகிற எல்லாரிடமும் காவலாளி ஐசி கேட்பார். அவரிடமும் கேட்டார். அவர் கையில் ஒரு ஐசி இருந்தது. கேட்டார்கள், கொடுத்தார்.

காவலாளி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். உள்ளே ஆளைக் கூப்பிட்டார். வந்தது அதே தமிழ் ஆபீசர். எட்டு மணிக்கு என்ன செய்தாய் என்று கேட்டவர். இது யாருடைய ஐசி, உன்னிடம் எப்படி வந்தது, எத்தனை நாளாக வைத்துக்கொண்டு சுற்றுகிறாய் என்று கேட்டார். அன்றைக்கு என்னை ஏமாற்றிவிட்டாய் என்று அவருக்கு வேறு கோபம். அடைக்கலம், இது அண்ணனுடையது, அக்கா உள்ளே இருக்கிறார், கொடுக்க வந்தேன் என்று சொல்லி, கண்ணாடிக் கதவுக்குள் அம்மாவைக் கைகாட்டினார்.

அம்மா எழுந்து வந்தார். கையில் எண் எழுதிய துண்டுச்சீட்டு. திரையில் அடுத்தது அம்மாவின் எண்தான்.

ஆபீசர் அம்மாவிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "ஆன்ட்டி, இந்த ஆள ஒங்களுக்குத் தெரியுமா?"

பெர்மிட் இல்லாத ஆளுக்கு இடம் கொடுப்பது, உதவி செய்வது எல்லாம் இங்கே குற்றம் ஆன்ட்டி. அதை அம்மாவுக்கு முதல்நாளே நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அந்த மாதிரி யாரையும் தெரியும் என்று சொல்லிவிடாதே, உன்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள், மாமாவுக்காகப் போன நீ மாட்டிக்கொள்ளாதே என்று.

அம்மா சொன்னார். "தெரியாது துவான். ஐசி மட்டும் எங்களுது."

அடைக்கலம் மருந்துப்பையை அம்மா பக்கம் நீட்டினார். அம்மா அதை வாங்கவில்லை. வாங்கினால் தெரியும் என்றாகிவிடும். அவர் அதைத் தரையில், சுவரை ஒட்டி ஓரமாக வைத்தார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஐசியை ஆபீசரே கவுண்டருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாமாவை வெளியே விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்றெல்லாம் இல்லை. இனிமேல் ஐசியைக் கூடவே வைத்திரு என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். மாமா சுவர் ஓரத்திலிருந்த பையைப் பார்த்தார். அது அவருடைய பைதானே. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார்.

அம்மா நடந்ததைச் சொன்னார், வாசலுக்கு வரச்சொன்னதையும் சேர்த்து. அம்மா பொய் சொல்லமாட்டார். மாமா திரும்ப உள்ளே போனார். தெரியும், எனக்குத் தெரியும், அவன் என்னோடு இருப்பவன், எனக்காக வந்தவன் என்று கவுண்டரில் நின்று சத்தம் போட்டார். அம்மாதான் கைலியைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். இல்லாவிட்டால் அவரையும் திரும்பப் பிடித்து வைத்திருப்பார்கள். அதற்கு நன்றி சொல்லவேண்டும் அவர். அன்றிலிருந்து அம்மாவோடு பேச்சு இல்லை. போன தீபாவளிக்கு வரவில்லை. அம்மா முறுக்கு, அதிரசம் எல்லாம் அப்பாவிடம் கொடுத்து அனுப்பினார், வாங்கி வைத்துக்கொண்டு, அக்கா நன்றாக இருக்கிறாளா என்றுகூடக் கேட்கவில்லை. ஒருத்தி வயிற்றில் பிறந்தவர்கள் ஆன்ட்டி. யாரோ ஒரு ஊர்க்காரருக்காக.

அம்மாவுக்கு இதில் இருக்கிற கசப்பு உங்களுக்குப் புரிகிறதா? மூன்று தலைமுறையாக இந்த நாட்டுக்குப் பால்மரம் சீவிக் கொடுத்தவர்கள் நாங்கள். எங்களைப் போய் அவர்களோடு சேர்த்து லோரியில் ஏற்றினார்கள். அவர்களையும் எங்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதா இவர்களுக்கு? அதுதான் என் கேள்வி. ஒழுங்காகப் பிரித்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

அடைக்கலத்தைப் பார்க்க மாமா முகாமுக்குப் போனார், பல முறை. சொந்தக்காரர் இல்லை என்று உள்ளே விடவில்லை. கடைசியில், அவரே எனக்குப் போன் செய்தார். எனக்காக ஒன்றும் வேண்டாம், அவன் எங்கே இருக்கிறான், ஊருக்கு அனுப்பிவிட்டார்களா, அதை மட்டும் விசாரித்துச் சொல், நீ படித்தவள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். இது மட்டும் நானே பார்த்தது. கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும், பொறுமையாகப் பேசினார். ஆள் பெயர் கேட்டார், அடைக்கலம் என்றேன். அப்பா பெயர் கேட்டார், அது இல்லாமல் தேட முடியாது என்றார். மாமாவுக்குப் போன் செய்தேன். அவருக்கும் தெரியவில்லை. பக்கத்துப் படுக்கையில் அத்தனை வருசம் படுத்தவர், அவருக்கே தெரியவில்லை.

கிளம்பும் முன்னால் அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் கேட்டேன். எனக்கு எதையும் சரிபார்க்காவிட்டால் தூக்கம் வராது. எங்கள் ஆள் ஒருவர் தவறுதலாகப் பிடிபட்டால், அசல் ஐசி கொண்டுவந்தால்தானே விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். குடும்பத்தில் யாராவது கவுண்டருக்கு வந்து பெயரைச் சொன்னால் போதும், ஆளை உள்ளேயிருந்து கூட்டிவந்து கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்துப் பார்ப்போம், உடனே தெரிந்துவிடும், அட்டை தேவையில்லை என்றார். வீட்டுக்குப் போய் நான் அன்று படித்த பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தேன். அது பாஸ்போர்ட் புதுப்பிக்க வருகிறவர்களுக்கான பக்கம்.